சல்லடை எங்கே மிஸ்?

(ஒன்றிய அளவிலான ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேசைமேல் இருக்கும் இளஞ்சிவப்புப் பலகையைப் பார்த்துவிட்டு, "எந்தக் கடையில் வாங்கினீர்கள் டீச்சர்?" என்று காலையிலிருந்து நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். வாங்கவில்லை, நாங்களே செய்தோம். சிலிக்கோன் ரப்பரில் வார்த்தது. இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறைதான் இப்படி வந்தது.

வார்ப்பது எப்படி என்று பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். ஆனால் வார்ப்பு வேலை என்பது கால் மணி நேரம். சிலிக்கோனைக் கலக்கி ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் அச்சைச் சுத்தம் செய்து தயார்ப்படுத்த எங்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தைப் பற்றியே இன்று அதிகம் பேசப்போகிறேன். நான் தோற்றதெல்லாம் அங்கேதான்.

முதலில் எங்கள் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியோரத்து மீனவக் கிராமம் ஒன்றின் அரசுப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். சென்னையிலிருந்து கேமராவோடு ஆட்கள் வருவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது பழகிப்போன காட்சி.

என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. பிறவியிலேயே பார்வை இல்லை. வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து இறால் தரம் பிரிப்பாள். வெள்ளை இறாலா, கருப்பு இறாலா என்று தொட்டே சொல்வாள். நண்டை எந்தப் பக்கம் பிடித்தால் கடிக்காது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். மடவை, கெளுத்தி, கொடுவா எல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். ஒருநாள் பறவைகளின் அலகுகளைப் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கிளியின் அலகு, கொக்கின் அலகு, கழுகின் அலகு என்று படங்களைக் காட்டிவிட்டு, "நம்ம ஏரிக்கு வருதே பூநாரை, அதோட அலகு சல்லடை மாதிரி" என்று சொன்னேன். அவள் எழுந்து நின்றாள்.

"மிஸ், அது கத்துறது எனக்குத் தெரியும். ராத்திரி கேக்கும். ஆனா அது எப்படி இருக்கும்னு தெரியாது. மீன் மாதிரி அதைக் கையில பிடிச்சுப் பார்க்க முடியாதில்ல?"

ஊரே பெருமை பேசும் பறவை. அந்த ஊர்ப் பிள்ளைக்கு அது வெறும் சத்தம். அன்று மாலை பள்ளியிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து வரும்போது இதே நினைப்புத்தான். அவளுக்கு ஒரு பூநாரை அலகு செய்து கொடுத்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன்.

இதற்கு ஏன் சிலிக்கோன் என்று கேட்கலாம். களிமண்ணில் செய்தால் காய்ந்து வெடிக்கும். பாரிஸ் சாந்தில் செய்தால் கீழே விழுந்தவுடன் மூக்கு உடையும். தொட்டுப் பார்ப்பதற்கென்று செய்யும் பொருள் நூறு கைகளுக்குத் தாங்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவ முடிய வேண்டும். சிலிக்கோன் ரப்பர் வளையும், விழுந்தால் உடையாது, கழுவினால் புதிதுபோல் ஆகும். ஒரு சின்னக் குறிப்பு: மாணவர்கள் சிலிக்கானையும் சிலிக்கோனையும் குழப்பிக்கொள்வார்கள். சிலிக்கான் தனிமம். சிலிக்கோன், சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலியை முதுகெலும்பாகக் கொண்ட பலபடி.

வேலையை இப்படித் திட்டமிட்டோம். அலகின் உட்பக்கத்தை மூன்று மடங்கு பெரிதாக்கி, ஒரு பலகைமேல் புடைப்புச் சிற்பமாகப் பிள்ளைகள் செய்வது. அதன்மேல் பாரிஸ் சாந்தை ஊற்றி அச்சு எடுப்பது. அந்த அச்சில் சிலிக்கோனை வார்ப்பது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகை நீருக்குள் விட்டு, நாக்கைப் பம்புபோல் இயக்கும். நீர் உள்ளே போய் வெளியே வரும்போது, அலகின் ஓரங்களில் சீப்புப் பற்கள்போல் வரிசையாக இருக்கும் மெல்லிய தகடுகளில் சின்ன உயிரினங்களும் பாசியும் தங்கிவிடும். அந்தத் தகடுகள்தான் பாடம். அவை இல்லையென்றால் அது எந்தப் பறவையின் அலகாகவும் இருக்கலாம்.

ஏரிக் களிமண்ணில் தகடுகள் நிற்கவில்லை. அதனால் கடையில் விற்கும் எண்ணெய்க் களிமண்ணை வாங்கினேன், காய்ந்து போகாத வண்ணக் களிமண். ஈர்க்குச்சியால் ஒவ்வொரு தகடாகப் பிள்ளைகள் கீறினார்கள். அழகாக வந்தது. பாரிஸ் சாந்து கலக்கி ஊற்றினோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கி அதிலுள்ள நீரின் பெரும்பகுதியை வெளியேற்றினால் கிடைப்பது பாரிஸ் சாந்து. தண்ணீர் சேர்த்ததும் அது மறுபடி ஜிப்சமாகி இறுகும். அப்போது வெப்பம் வெளிப்படும். "கையை அச்செடுக்கலாமா மிஸ்?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கூடவே கூடாது. 2007-இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி ஓவிய வகுப்பில் அப்படிக் கையை விட்டு, தீக்காயத்தால் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். தூளைக் கலக்கும்போது முகக்கவசம் வேண்டும். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் கல்லாகிவிடும். வாளியிலேயே இறுக விட்டு உடைத்து எடுத்துவிடுங்கள்.

மறுநாள் களிமண்ணைப் பிய்த்து எடுத்தோம். அச்சு பளிச்சென்று இருந்தது. கண்ணுக்கு. வெள்ளிக்கிழமை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதனால் அவசர அவசரமாகத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு 700 கிராம் சிலிக்கோனை ஊற்றினேன். என் சொந்தப் பணம்தான். இங்கே இருக்கும் நம் எல்லோருக்கும் அது புதிதில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பே சுற்றி நின்றது. பிரித்தேன். முதுகுப்பக்கம் இறுகியிருந்தது. முகப்பக்கம் பிசின்போல் நூல்விட்டது. அவள் அதற்குள் கையை நீட்டிவிட்டாள். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டு, "மீன் குடல்ல கை வச்ச மாதிரி இருக்கு மிஸ்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

காரணம் என்ன? எண்ணெய்க் களிமண்ணின் சில வகைகளில் கந்தகம் கலந்திருக்கும். சிலிக்கோன் ரப்பரில் நாம் வாங்கக்கூடியவை பொதுவாக இரண்டு வகை. ஒன்று வெள்ளீயச் சேர்மத்தால் இறுகும் வகை. மற்றொன்று பிளாட்டினத்தால் இறுகும் வகை. நான் வாங்கியது பிளாட்டினம் வகை. அங்கே பிளாட்டினம்தான் வினைவேக மாற்றி. கந்தகம் அதைப் பிடித்துக்கொண்டால் வினை அந்த இடத்தில் நின்றுபோகும். வினைவேக மாற்றி நச்சு என்று நாம் பாடத்தில் சொல்வதேதான். அச்சில் கண்ணுக்குத் தெரியாத களிமண் படலம் ஒட்டியிருந்திருக்கிறது. பாடத்தில் பலமுறை நடத்திய விஷயம் என் கையில் நடக்கும்போது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ரப்பர் கையுறையும் இதே வேலையைச் செய்யும். இயற்கை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பிளாட்டினம் சிலிக்கோனைத் தொடாதீர்கள். நைட்ரைல் கையுறை வாங்குங்கள்.

அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, ஃபைபர் படகு பழுதுபார்க்கும் கொட்டகைக்குப் போனேன். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. அவையும் அச்சில் வார்ப்பவைதானே! என் மாணவன் ஒருவனின் அப்பா முன்பு படகு கட்டும் பட்டறையில் இருந்தவர். விஷயத்தைச் சொன்னேன். அச்சைக் கையில் வாங்கி, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"டீச்சர், படகு அச்சைக் கழுவுவோம், தொடைப்போம், மெழுகு போடுவோம். காய வச்சுத் தேய்ப்போம். மறுபடி மெழுகு. புது அச்சுன்னா நாலஞ்சு தடவை. அதுக்கப்புறந்தான் ஜெல் கோட் அடிப்போம். ஒரு இடத்துல மெழுகு விட்டுப்போச்சுன்னா அங்க ஒட்டிக்கும். அப்புறம் படகும் போச்சு, அச்சும் போச்சு. நீங்க ஒரு தடவை தொடைச்சேன்னு சொல்றீங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. ஆனாலும் நன்றாகவே தைத்தது.

சுவாமிமலை ஸ்தபதிகளின் வேலையைப் பார்த்திருப்பீர்கள். மெழுகில் சிலை செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகின்மேல் முதலில் பூசுவது காவிரியின் மிக மெல்லிய வண்டல் மண். கரடான மண் அதற்குப் பிறகுதான். காரணம் ஒன்றே. உலோகத்தைத் தொடப்போவது அந்த முதல் படலம். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் சிலையின் முகத்தில் வரும். படகுக்கும் அதுதான், எங்கள் அலகுக்கும் அதுதான். சிலிக்கோன் இன்னும் ஒரு படி மேல். அச்சில் உங்கள் கைரேகை இருந்தால் அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளும்.

ஆகவே முதலிலிருந்து தொடங்கினோம். நாங்கள் செய்த வரிசையைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ள விரும்புவோர் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று, உலர்நிலையில் சுத்தம் செய்தல். இறுகாத சிலிக்கோனைத் துணியால் வழித்து எடுத்தோம். பிறகு களிமண் மிச்சம். பாரிஸ் சாந்து மென்மையானது. கத்தி, ஊசி, கம்பி எதுவும் படக்கூடாது. ஒரு கீறல் விழுந்தால் வார்ப்பில் அது ஒரு மேடாக வரும். ஈர்க்குச்சியின் நுனியைச் சீவி, ஒவ்வொரு பள்ளமாகப் பிள்ளைகள் எடுத்தார்கள். இன்னொரு வழியும் உண்டு. அதே வகைக் களிமண்ணை உருண்டையாக்கி மிச்சத்தின்மேல் ஒற்றி எடுத்தால், களிமண்ணைக் களிமண் இழுத்துக்கொண்டு வரும். கடைசியாக, மென்மையான பழைய பல்துலக்கி.

இரண்டு, எண்ணெய்ப் படலத்தை நீக்குதல். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். ஒரே பஞ்சை மறுபடி பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் எடுத்த எண்ணெயை வேறிடத்தில் பூசுகிறோம் என்று பொருள். பஞ்சில் நிறம் வராத வரைக்கும் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் தீப்பற்றும். அதனால் இதை ஆசிரியர் மட்டும், சன்னல்கள் திறந்த அறையில், அடுப்போ விளக்கோ அருகில் இல்லாமல் செய்ய வேண்டும்.

மூன்று, காயவைத்தல். இதில்தான் நம் பொறுமை தெரியும். பாரிஸ் சாந்து இறுகிவிட்டது என்றால் காய்ந்துவிட்டது என்று பொருளல்ல. வினைக்கு வேண்டியதைவிட அதிகமான தண்ணீரை நாம் சேர்க்கிறோம். அந்த மிச்சம் நுண்துளைகளுக்குள் நிற்கும். தெரிந்துகொள்ள எளிய வழி தராசு. தினமும் காலை எடை போடுங்கள். எங்கள் அச்சு முதல் நாள் 3 கிலோ 400 கிராம் இருந்தது. பன்னிரண்டாம் நாள் 2 கிலோ 450 கிராமுக்கு வந்து அங்கேயே நின்றது. ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் காற்றோடு போயிருக்கிறது! கணித ஆசிரியர் இதை வைத்தே வரைபடப் பாடம் நடத்திவிட்டார். அவசரப்பட்டு அடுப்பருகில் வைக்காதீர்கள். சுமார் 50 டிகிரிக்கு மேல் சூடு போனால் ஜிப்சம் தன் படிக நீரை இழக்கத் தொடங்கி, அச்சின் முகம் மாவாக உதிரும். நிழலும் மின்விசிறியும் போதும்.

காயும்போது இன்னொன்று வெளிப்பட்டது. அச்சின் முகத்தில் வெள்ளைத் தூள் பூத்தது. யோசித்துப் பார்த்தால், பாரிஸ் சாந்தை நான் பள்ளி ஆழ்துளைக் கிணற்று நீரில் கலக்கியிருக்கிறேன். எங்கள் ஊர் நிலத்தடி நீர் உப்பு என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு மேற்பரப்புக்கு வந்துவிட்டது. உப்பு நீரில் சாந்து சீக்கிரமாகவும் இறுகும். அன்று கலக்கும்போதே கட்டி கட்டியாக ஆனதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்தோம். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். கடலோரப் பள்ளிகள் கேன் தண்ணீர் வாங்கிக் கலக்குங்கள்.

நான்கு, துளைகளை அடைத்தல். காய்ந்த பாரிஸ் சாந்து எறும்புப் புற்றைப்போலத் துளைகள் நிறைந்தது. சிலிக்கோன் அவற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். தச்சர்கள் மரத்துக்குப் பூசுகிறார்களே பிரெஞ்சு பாலிஷ், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்தது, அதை மெல்லியதாக இரண்டு முறை பூசினேன். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது.

ஐந்து, ஒட்டாமல் இருக்கப் பூச்சு. பெட்ரோலியம் ஜெல்லி. இங்கேதான் இரண்டாவது முறை தோற்றேன்.

படகுக்காரர் சொன்னது மனதில் இருந்ததால், ஒட்டிவிடக் கூடாது, ஒட்டிவிடக் கூடாது என்று ஜெல்லியை அள்ளி அள்ளிப் பூசினேன். ஊற்றினேன். மறுநாள் பிரித்தால் கொஞ்சமும் ஒட்டவில்லை, பிசுக்கும் இல்லை. வழவழவென்று அருமையாக வந்தது. மகிழ்ச்சியோடு அவளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவினாள். வளைவைக் கண்டுபிடித்தாள். நாக்கு இருக்கும் பள்ளத்தைக் கண்டுபிடித்தாள். மறுபடி தடவினாள். பிறகு கேட்டாள்:

"சல்லடை எங்கே மிஸ்?"

நான் குனிந்து பார்த்தேன். ஜெல்லி பள்ளங்களை நிரப்பியிருந்தது. தகடுகள் இருந்த இடத்தில் மெல்லிய அலை மாதிரி ஏதோ தெரிந்தது. கண்ணால் பார்ப்பவருக்கு அது போதும். தகடுகள் இருக்கின்றன என்று நமக்கு முன்பே தெரியும் என்பதால் கண் இட்டு நிரப்பிக்கொள்ளும். எனக்கு அதுதான் நடந்தது. அவளுக்கு விரலில் என்ன இருக்கிறதோ அதுதான் இருக்கிறது. அன்று மாலைவரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பூநாரையின் அலகு சல்லடை என்று சொல்லிவிட்டு, சல்லடை இல்லாத ஒன்றை அவள் கையில் கொடுத்திருக்கிறேன். அவள் கேட்காமல் இருந்திருந்தால் அதையே பூநாரை என்று கற்றுக்கொண்டிருப்பாள். அடுத்த ஆண்டுப் பிள்ளைகளும் அதையே தொட்டிருப்பார்கள்.

மறுநாள் காலை அச்சை அவளிடமே கொடுத்தேன். "பள்ளத்துல எங்கெல்லாம் அடைச்சிருக்குன்னு பார்த்துச் சொல்லும்மா." முழுதும் இறுகிய அச்சு, ஸ்பிரிட் காய்ந்து போயிருந்தது. ஆகவே தொடுவதில் ஆபத்து இல்லை. சுண்டுவிரல் நகத்தைப் பள்ளத்துக்குள் விட்டு இழுத்துக்கொண்டே போனாள். "இங்க. இது நல்லாருக்கு. இங்க பாதி. இது சொரசொரன்னு இருக்கு மிஸ், உப்பு." பக்கத்தில் ஒரு மாணவன் ஈர்க்குச்சியோடு உட்கார்ந்து அவள் காட்டிய இடத்தைச் சுத்தம் செய்தான். நாற்பத்திரண்டு பள்ளங்கள். நான் அதுவரை எண்ணியதில்லை. அவள்தான் எண்ணினாள். நாங்கள் சுத்தமாகிவிட்டது என்று நினைத்தவற்றில் ஒன்பதை அவள் திருப்பி அனுப்பினாள்.

அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் அச்சு ஆய்வாளர் அவள்தான். பாவம் பார்த்துக் கொடுத்த வேலை இல்லை. எங்கள் எல்லோரையும்விட அவளுக்கு அது நன்றாக வருகிறது. உள்ளடங்கிய கல்வி பற்றிப் பயிற்சிகளில் கேட்டிருக்கிறோம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பற்றியும் கேட்டிருக்கிறோம். மற்ற பிள்ளைகள் செய்து முடித்ததை மாற்றுத்திறனாளிக் குழந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். செய்யும்போதே அவளை உட்கார வைத்திருந்தால் 1 கிலோ 400 கிராம் சிலிக்கோன் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது முறை ஜெல்லியை மென்மையான தூரிகையால் மிக மெல்லியதாகத் தடவினோம். பிறகு உலர்ந்த இன்னொரு தூரிகையால் பள்ளங்களில் தங்கியதை எடுத்தோம். தூரிகைக் கோடுகள்கூட வார்ப்பில் வரும் என்பதால் ஒரே திசையில். அவள் தடவிப் பார்த்து, "சரி" என்றாள். அதற்குப் பிறகும் நேராக ஊற்றவில்லை. அச்சின் ஒரு மூலையில் ஒரு தேக்கரண்டி சிலிக்கோனை மட்டும் விட்டு, ஒரு நாள் வைத்துப் பார்த்தோம். இறுகியது, உரிந்து வந்தது. இந்தச் சோதனைச் சொட்டை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு ஒத்துவந்த அரக்குப் பூச்சு உங்கள் சிலிக்கோனுக்கு ஒத்துவராமல் போகலாம். அதை அந்தச் சொட்டுதான் சொல்லும். முதல் தடவையே நான் ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருந்தால் ஒரு கரண்டியோடு போயிருக்கும்.

ஊற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புட்டியில் எழுதியிருக்கும் விகிதத்தை ஆய்வகத் தராசில் எடைபோட்டே கலக்குங்கள், கண்ணளவு கூடாது. பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். முதலில் கொஞ்சம் எடுத்துத் தூரிகையால் பள்ளங்களுக்குள் தடவுங்கள். பிறகு மீதியைச் சற்று உயரத்திலிருந்து, அச்சின் ஒரு மூலையில் மட்டும், நூல்போல் ஊற்றுங்கள். அதுவே பரவிச் செல்லும். காற்றுக் குமிழ்கள் இறங்கும்போதே உடைந்துவிடும். குறித்த நேரம் முடியும்வரை பிரிக்காதீர்கள்.

பிரித்தோம். அவள் கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் வைத்து இழுத்தாள். 'கர்ர்ர்' என்று சீப்பை இழுப்பதுபோல் சத்தம் கேட்டது. வகுப்பு முழுக்கக் கேட்டது. "இருக்கு மிஸ்!" என்றாள். பிறகு பலகையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்து, தூக்கி, பற்களுக்கிடையில் தண்ணீர் வடிவதை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்டு இறால் கூடை மாதிரிதான். தண்ணி போயிடும், இறால் நின்னுடும்" என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். நான் சொல்ல நினைத்திருந்த பாடம் அதுதான். எனக்கு வேலை மிச்சம்.

இறுதியாக ஒன்று. இதைப் பார்த்த பிள்ளைகள் அடுத்து என்ன கேட்டார்கள் தெரியுமா? "மிஸ், டச்சுக் கல்லறை வாசல்ல எலும்புக்கூடு சிற்பம் இருக்கே, அதுமேல களிமண்ணை அமுக்கி அச்சு எடுக்கலாமா?" உங்கள் ஊரிலும் பழைய கோயில் இருக்கும், கல்வெட்டு இருக்கும். உங்கள் பிள்ளைகளும் கேட்பார்கள். கூடாது. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம். அனுமதி இல்லாமல் அச்செடுப்பதை விடுங்கள், ஒரு பூச்சும் பூசக்கூடாது. நாம் அச்சைச் சுத்தம் செய்ய இத்தனை பாடுபட்டோமே, அந்த எண்ணெயும் ஜெல்லியும் பழைய கல்லின் துளைகளுக்குள் இறங்கினால் யார் எடுப்பது? சிலிக்கோனிலிருந்து கசியும் எண்ணெயே கல்லில் கறையாகத் தங்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், வரையச் சொல்லுங்கள். வந்து களிமண்ணில் தாங்களே செய்யட்டும். அந்தக் களிமண்ணில் அச்செடுக்கலாம். நாங்கள் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். இந்த முறை கந்தகம் இல்லாத களிமண் என்று கேட்டு வாங்கினேன்.

பூநாரை அச்சு எங்கள் பள்ளியில் பத்திரமாக இருக்கிறது. பார்வைத் திறன் குறையுடைய குழந்தைகள் படிக்கும் பள்ளிகள் சிறப்புப் பயிற்றுநர் வழியாகக் கேட்டால், எடுத்துச்சென்று வார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வேண்டுகோள். திருப்பித் தரும்போது பள்ளங்களைச் சுத்தம் செய்து தாருங்கள். நான் பார்க்க மாட்டேன். அவள் பார்ப்பாள்.